பெயரில்லாத கரை

ஃபிஜியில் பாம்புக்கு ‘ஙத்தா’ என்று பெயர். டோங்காவிலும் சமோவாவிலும் அதே சொல்தான், அதே பொருள்தான். நியூசிலாந்தில் நிலப்பாம்பு கிடையாது. ஆனால் மாவோரி மொழியில் ‘ஙத்தா’ உண்டு. அங்கே அது நத்தையைக் குறிக்கிறது, ஓடில்லாத நத்தையையும் சேர்த்து. சமோவாவைத் தாண்டிக் கிழக்கே போனால் எந்தப் பாலினேசியத் தீவிலும் நிலத்தில் ஊரும் பாம்பு இயற்கையாக இல்லை. அந்தக் கடல்வெளியைத் தலைமுறை தலைமுறையாகக் கடந்தவர்கள், தாங்கள் கண்ணால் காணாத ஒன்றின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்திருக்க வேண்டும். தெற்கே குளிர்ந்த ஒரு காட்டில், ஈரத் தரையில் காலில்லாமல் ஊர்ந்த ஓர் உயிரைக் கண்டதும் அந்தப் பெயர் அதன்மேல் இறங்கிவிட்டது.

இப்படி இறங்கிய பெயர்கள் அந்த நாட்டில் ஏராளம். டோங்கா, சமோவா, தஹிட்டி, ஹவாய் எங்கும் ‘மோவா’ என்றால் வீட்டுக் கோழி. நியூசிலாந்தில் கோழி நிலைக்கவில்லை, பெயர் நிலைத்தது. ஆளைவிட உயரமாக, சிறகே இல்லாமல் காட்டில் நடமாடிய பெரும்பறவை அதை ஏற்றுக்கொண்டது. சில தலைமுறைகளுக்குள் வேட்டையில் அழிந்தும் போனது. ஃபிஜியின் ‘கவிக்கா’ நாவல் இனத்து மரம், சிவப்பாகக் கனி தருவது. ஹவாயில் அதே பெயர் ‘ஓஹியா’ என்று ஒலி திரிந்து, அந்தப் பழமரத்துக்கும் எரிமலைக் குழம்பு ஆறிய பாறையில் முந்தி வேர்பிடிக்கும் செம்பூ மரத்துக்கும் பொதுவாயிற்று. நியூசிலாந்தின் சதுப்புக் காடுகளில் 50 மீட்டருக்கும் மேல் ஓங்கி நிற்கும் ‘கஹிக்கத்தேயா’வுக்கும் கவிக்காவுக்கும் தாவரவியல்படி உறவே கிடையாது. ஆனால் அதன் விதை உட்கார்ந்திருக்கும் சிறு சதை சிவப்பு, தின்னலாம். அவ்வளவு போதுமானதாக இருந்தது. தென்னை வளராத அந்நாட்டில் இயற்கையாய் இருந்த ஒரே பனையினத்துக்குத் தென்னையின் பெயர் ஒட்டியது. கவா என்ற செடி வளராத மண்ணில் அதன் உறவான ஒரு மிளகுச்செடி ‘கவக்கவா’ ஆனது. ஃபிஜியில் ‘பெக்கா’ என்றால் சிறகு விரித்தால் கைநீளத்துக்கு வரும் பழந்தின்னி வௌவால். மாவோரியில் ‘பெக்கப்பெக்கா’ உள்ளங்கைக்குள் அடங்கும் பூச்சிதின்னி வௌவால்.

இதை ஊர் ஏக்கம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பெயர் இறங்கிய இடங்களைக் கவனித்தால் அதில் வேலை தெரிகிறது: தின்னலாமா, மருந்தாகுமா, கூரை வேயலாமா, வேட்டையாடலாமா என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, ஏற்கெனவே தெரிந்த ஒன்றோடு பொருத்திப் பார்த்த மனிதர்களின் வேலை. முன்பின் அறியாத ஒரு காட்டில் அடுத்த குளிர்காலம்வரை உயிரோடு இருப்பதற்கு அந்தப் பொருத்தம் தேவைப்பட்டது. ஏக்கம் இருந்திருக்கலாம், அதற்கு நேரம் பிறகுதான் கிடைத்திருக்கும்.

மொழியியலாளர்கள் இந்தச் சொற்களைப் பின்னோக்கிப் படிக்கிறார்கள். எந்தச் சொல் எங்கே என்ன பொருளில் நிற்கிறது என்று தீவு தீவாக அடுக்கிப் பார்த்து, மூலமொழி எந்த மண்ணில் பேசப்பட்டது என்று தேடுகிறார்கள். ஆக்லாந்தில் புரூஸ் பிக்ஸ் 1965இல் தொடங்கிவைத்த பாலினேசிய ஒப்பீட்டு அகராதி இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது. முறை நமக்குப் புதிதல்ல. தமிழில் மேல் என்பதிலிருந்து மேற்கு, கீழ் என்பதிலிருந்து கிழக்கு. மலை மேற்கேயும் கடல் கிழக்கேயும் இருக்கும் நிலத்தில் உண்டான சொற்கள் அவை. மலையைக் கிழக்கே வைத்துக்கொண்டும் மலையாளிகள் அந்தத் திசையைக் கிழக்கு என்றே சொல்வதைக் கால்டுவெல் சுட்டிக்காட்டி, அவர்கள் முன்னோர் மலைக்கு இப்பாலிருந்து போனவர்கள் என்று வாதிட்டார். சொல் தன் பழைய நிலத்தின் சாய்வை மறப்பதில்லை.

பாலினேசிய மொழிகளைப் பொறுத்தவரை தேடல் டோங்காவிலும் சமோவாவிலும் போய் நிற்கிறது. ஏறத்தாழ 3,000 ஆண்டுகளுக்கு முன், புள்ளிகளால் கோலமிட்ட லப்பித்தா மட்பாண்டங்களோடு வந்த கடலோடிகள் ஆளில்லாத ஃபிஜியில் இறங்கினார்கள்; ஓரிரு நூற்றாண்டுகளுக்குள் டோங்காவையும் சமோவாவையும் அடைந்தார்கள். பிறகு நின்றார்கள். கி.பி. 1000த்தை ஒட்டிக் கிழக்கு நோக்கி மீண்டும் படகு கிளம்பி, 300 ஆண்டுகளுக்குள் தஹிட்டி, ஹவாய், ராப்பா நூயி, நியூசிலாந்து எல்லாவற்றிலும் ஆள் குடியேறும்வரை, ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் அங்கேயே இருந்தார்கள். அந்த நீண்ட நிற்றலில்தான் பாலினேசியம் என்று நாம் அறியும் மொழி உருவாயிற்று. அதைப் பேசுவோரின் மூதாதையர் இன்னும் மேற்கிலிருந்து, ஆதியில் தைவானிலிருந்து வந்தவர்கள் என்பது உண்மை. ஆனால் தாயகம் என்பதை வந்த இடத்தைக் காட்டிலும் ஆகிவந்த இடம் என்று கொள்வதே சரி என்று இந்த மக்களின் வரலாறு எனக்குச் சொல்கிறது. டோங்காவின் சுண்ணப்பாறைத் திட்டுகளில் யாரும் பாலினேசியராக வந்து இறங்கவில்லை. அங்கே இருந்து இருந்து அப்படி ஆனார்கள்.

ஃபிஜி இன்னொரு வகை. அது போகாமல் நின்றவர்களின் நாடு. ஃபிஜி மொழி என்று ஒருமையில் சொல்வது பழக்கம். நிலத்தில் இருப்பது ஊருக்கு ஊர் மெல்ல மாறிக்கொண்டே போகும் பேச்சுகளின் வலை. ஆய்வாளர் கணக்கில் அவை சுமார் 300. விட்டி லெவுத் தீவின் மேற்கு மலைக்காரரும் கிழக்குக் கரையோரத்தவரும் தத்தம் பேச்சிலேயே பேசினால் ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்காது. மொழியியலாளர் பால் கெராட்டி 1983இல் வெளியிட்ட ஃபிஜி மொழிகளின் வரலாற்று நூலில் ஒரு முக்கியமான விஷயத்தை நிறுவ முயன்றார்: இந்த வலையின் கிழக்கு ஓரமாகிய லௌ தீவுகளின் பேச்சு ஒரு காலத்தில் பாலினேசியத்தோடு ஒன்றாக வளர்ந்தது, பிற்காலத்து உறவுகளால்தான் மறுபடியும் மற்ற ஃபிஜிப் பேச்சுகளோடு கலந்தது. அப்படியானால் பாலினேசியம் ஃபிஜியின் தங்கை மொழி என்பதைவிட, ஃபிஜி வலையின் கிழக்கு முனை கிழிந்து கடலில் மிதந்துபோன துண்டு. குடும்ப மரம் வரைந்து பழகிய கைக்கு இது பிடிபடாது. அந்தக் கடலோ பிரிக்கும் கடலாக இருந்ததில்லை. லௌவுக்கும் டோங்காவுக்கும் சில நூறு கிலோமீட்டர்தான். லௌவில் விளைந்த வேசி மரத்தைத் தேடி டோங்காத் தச்சர்கள் வந்து தங்கிப் படகு கட்டினார்கள். பெண் கொடுத்தார்கள், எடுத்தார்கள். கிளியின் சிவப்பு இறகும் பாயும் மரப்பட்டைத் துணியும் கை மாறின.

அந்த வலையின்மேல் 1835இல் எழுத்து வந்து விழுந்தது. மெதடிஸ்ட் பாதிரிகள் டேவிட் கார்கிலும் வில்லியம் கிராஸும் டோங்காவில் மொழி கற்றவர்கள்; லௌவின் லக்கெம்பாவில் வந்திறங்கினார்கள். ஓர் ஒலிக்கு ஓர் எழுத்து என்று கார்கில் வகுத்த முறை அருமையானது, ஃபிஜிக்காரர் காதுக்கு இசைந்தது, இன்றும் நிற்கிறது. முதலில் பல வட்டாரப் பேச்சுகளில் அச்சிட்டுப் பார்த்தார்கள். கட்டுப்படியாகவில்லை. அன்று அரசியல் வலிமையின் உச்சத்திலிருந்த பாவ் என்ற சின்னஞ்சிறு தீவின் பேச்சைத் தேர்ந்தார்கள். ஜான் ஹன்ட் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1847இல் வந்தது. அதிலிருந்து கோயிலும் பள்ளியும் பாவ் பேசின. மேற்கு மலைப்பேச்சு அடுப்படிக்குள் ஒடுங்கியது. நூல்களும் செய்தித்தாள்களும் வானொலியும் பெற்ற ஒரு மொழி ஃபிஜிக்குக் கிடைத்தது பெரிய லாபம்தான். அந்த லாபத்துக்கான விலையை மேற்குக்காரர்கள் தனியாகக் கட்டினார்கள். மொழியியலாளர் ஆண்ட்ரூ பாலியும் மேற்கிலுள்ள வாயாத் தீவின் தீமோத்தி சயம்பாவும் பல பத்தாண்டுகள் உழைத்துச் சேர்த்த வாயாப் பேச்சின் அகராதியைப் பற்றி அறியும்போது, ஒரு சிறு தீவின் மீனுக்கும் செடிக்கும் மட்டும் எத்தனை பெயர் இருந்தது, அவற்றுள் எத்தனைக்குப் பாவில் இடமே இல்லை என்பது மனத்தை அழுத்துகிறது.

இந்த மொழிகளில் நிலம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், பெயர்ச்சொற்களைவிடத் திசைகளில்தான் என்பேன். தீவில் வாழ்பவருக்கு வலமும் இடமும் பெரிதில்லை. மலைப்பக்கம், கடற்பக்கம் என்ற இரண்டும்தான் திசை. சாலமன் தீவுகளின் கிழக்கு ஓரத்தில், சுற்றிலும் மெலனேசிய மொழிகள் சூழ, பாலினேசிய மொழி பேசும் திக்கோப்பியா என்ற சிறு தீவு இருக்கிறது. 1928இல் அங்கே போய்த் தங்கிய மானிடவியலாளர் ரேமண்ட் ஃபர்த், வீட்டுக்குள் தரையில் கிடக்கும் கோடரியைக்கூட அவர்கள் கடற்பக்கம், உட்பக்கம் என்றுதான் சுட்டினார்கள் என்று எழுதினார். ஒருவர் முகத்தில் சேறு பட்டிருந்தால் கடற்பக்கக் கன்னத்தில் என்பார்கள். அவர் திரும்பி நின்றால் அது வேறு கன்னம். உடம்பே கரையைப் பொறுத்துத்தான் அளக்கப்படுகிறது. ஹோனலூலுவில் இன்று ஹவாய் மொழி ஒரு வாக்கியம் அறியாதவர்களும் ‘மவுக்கா’ பக்கம், ‘மக்காய்’ பக்கம் என்றுதான் ஆங்கிலத்தினூடே வழி சொல்கிறார்கள். மலையும் கடலும் அந்த இரண்டு சொற்களை விடவில்லை.

ஃபிஜியில் இன்னொரு அச்சு சேர்ந்துகொள்கிறது. அங்கே கிழக்கு என்பது மேலே, மேற்கு என்பது கீழே. ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்கிலிருந்து அடிக்கும் காற்றை எதிர்த்துப் பாய் செலுத்துவது மேடேறுவது. காற்றோடு போவது இறங்குவது. நம்முடைய மேற்கு கிழக்குக்கு நேர் எதிர். நம் சாய்வு நிலத்தில் இருந்தது, அவர்கள் சாய்வு காற்றில். காற்றின் பெயர்களும் தீவுக்குத் தீவு தங்களைத் திருத்திக்கொண்டன. ஃபிஜியில் ‘தொக்கலாவ்’ வடகிழக்குக் காற்று. சமோவாவுக்கு வடக்கே இருக்கும் மூன்று பவளத்திட்டுகளின் பெயரே தொக்கெலாவ். நியூசிலாந்தில் அது வடக்குத் திசை, நாட்டின் வடமுனைக்குத் தே தாய் தொக்கெராவ் என்றே பெயர். ஹவாயில் ‘கோஒலாவ்’ ஆகி, காற்று மோதி மழை கொட்டும் பக்கமாயிற்று. டோங்கா என்பது தெற்கு. ஹவாயில் அதுவே ‘கோனா’, காற்று மறைந்த வறண்ட கரை. அங்கே விளையும் காப்பிக்கு உலகச் சந்தையில் அந்தப் பெயர்தான். வரைபடத்தில் நிலையாக நிற்கும் திசைகளல்ல இவை. ஒவ்வொரு தீவிலும் இறங்கி நின்று, முகத்தில் எந்தப் பக்கம் காற்று படுகிறது என்று பார்த்து மறுபடி பொருத்தப்பட்டவை.

இலக்கணத்தின் அடியாழத்திலும் நிலம் இருக்கிறது. பாலினேசிய மொழிகளில் ‘என்’ என்பதற்கு இரண்டு வடிவம். உணவு, கருவி, மனைவி, கணவன், பிள்ளை போன்று நான் ஆக்குவதும் ஆள்வதும் ஒரு வகை. அம்மா, அப்பா, உடல், வீடு, படகு போன்று என்னைத் தாங்குவதும் எனக்கு முந்தியதும் இன்னொரு வகை. நிலம் இரண்டாவதில் வரும். என் நிலம் என்று மாவோரியில் சொல்கிறவர், என் தாய் என்பதற்கு உரிய ‘என்’னைத்தான் எடுத்தாக வேண்டும், உருளைக்கிழங்குக்கு உரியதைச் சொல்ல மொழி விடாது. நிலம் விற்பனைக்கு என்று வெள்ளையர் வந்து நின்றபோது இந்த இலக்கணம் யாரையும் காப்பாற்றவில்லை. ஆனாலும் ஆறு வயதுப் பிள்ளை பிழையின்றிப் பேசக் கற்கும்போதே அந்தப் பாகுபாட்டைக் கற்றுவிடுகிறது என்பதைச் சாதாரணமாக என்னால் கடந்துபோக முடியவில்லை.

இறந்தவர்களும் இந்த நிலவியலுக்குள்தான் இருக்கிறார்கள். டோங்காவிலும் சமோவாவிலும் இறந்தோர் உலகம் புலோத்து. ஃபிஜியில் அது புரோத்து. தென்கிழக்கே மட்டுக்குத் தீவை ஒட்டிய கடலில் மூழ்கி மறைந்து கிடப்பதாகச் சொல்லப்படும் அழகான தீவு. புலோத்து வெறும் கற்பனையல்ல, டோங்காக்காரர்களின் முன்னோர் விட்டுவந்த அந்தக் கிழக்கு ஃபிஜிக் கடல்தான் என்று 1993இல் கெராட்டி வாதிட்டார். கிழக்குப் பாலினேசியர்களுக்கு மூதூர் ஹவாய்க்கி. சமோவாவின் பெரிய தீவு சவாயி, ரையாத்தேயா தீவின் பழம்பெயர் ஹவாயி, குக் தீவுகளில் சொல்லும் அவாய்க்கி, ஹவாய் எல்லாம் அந்த ஒரே பெயர்தான். நியூசிலாந்தின் வடமுனையில் ஆவிகள் ஒரு மரத்தின் வேரைப் பிடித்துக் கடலிறங்கி ஹவாய்க்கிக்குத் திரும்புகின்றன. ஃபிஜியில் ஆவிகள் வனுவா லெவுத் தீவின் மேற்குக் கோடியிலிருந்து கிளம்பும். அடுக்கிப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது: ஒவ்வொரு குடியும் தான் கடைசியாக விட்டுவந்த கரையையே இறந்தவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறது. அதற்கு முந்தைய கரை யாருக்கும் நினைவில்லை. தாயகம் என்ற நினைவு ஒரு பயணத்துக்கு அப்பால் எட்டாது போலும்.

1769இல் ஜேம்ஸ் குக்கின் கப்பல் நியூசிலாந்துக் கரையில் நின்றபோது அதில் துப்பாயா இருந்தார். ரையாத்தேயாவில் பிறந்த பூசகர், கடல்வழி அறிந்தவர், தஹிட்டியில் கப்பலேறியவர். கரையில் நின்ற மாவோரிகளிடம் தம் மொழியில் பேசினார், அவர்களுக்குப் புரிந்தது. நடுவில் 4,000 கிலோமீட்டர் கடலும் பல நூற்றாண்டுகளும் இருந்தன. மறு ஆண்டு ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் அவர் பேசியது ஒருவருக்கும் புரியவில்லை. அவ்வாண்டு முடியும்போது பத்தாவியாவில் காய்ச்சலில் இறந்துபோனார்.

இந்த மொழிகள் இவ்வளவு தூரம் சிதறாமல் போனதற்கு ஒரு காரணம் போதிய அளவு பேசப்படுவதில்லை. அவை போய் இறங்கியவை பெயரில்லாத கரைகள். ஃபிஜி, டோங்கா, சமோவா, தஹிட்டி, ஹவாய், நியூசிலாந்து எதிலும் முன்னால் ஆளில்லை. பெயர் வைக்க மலை காத்திருந்தது, ஓடை காத்திருந்தது. படகில் வந்த சொல்லுக்கு உட்கார இடம் இருந்தது. இன்று புறப்படுகிறவர்களுக்கு அப்படி ஒரு கரை மிச்சமில்லை. நியுவே தீவில் இருப்போர் 2,000க்கும் குறைவு, நியூசிலாந்தில் நியுவேயர் 30,000க்கும் மேல். தொக்கெலாவில் சுமார் 1,500 பேர், நியூசிலாந்தில் அதைப்போல் பல மடங்கு. ஆக்லாந்தின் மாங்கெரேயில் பிறக்கும் நியுவேப் பிள்ளையின் பேட்டைக்கு மாவோரிப் பெயர் இருக்கிறது, உறவுமொழிப் பெயர்தான். ஆனால் பேருந்தும் பள்ளியும் கடையும் ஆங்கிலம். சமோவா மொழிக்கு அந்த நாட்டில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வாய்கள் இருப்பதால் தாக்குப்பிடிக்கிறது. சிறியவை கரைகின்றன.

ஏற்கெனவே பெயரிடப்பட்ட கரையில் இறங்கும் மொழிக்கு என்ன ஆகும் என்பதற்கு ஃபிஜியிலேயே நம்முடைய சாட்சி இருக்கிறது. 1879 முதல் 1916 வரை 60,000க்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியே தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளும் போனார்கள்; பாரதி பாடியது இவர்களைப் பற்றித்தான். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மலைக்கும் ஆற்றுக்கும் ஃபிஜிப் பெயர் இருந்தது. தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர். கூலி லைன்களில் முந்தி வந்தவர்களின் இந்தி. தமிழ் எதன்மேலும் உட்கார முடியவில்லை. 1926இல் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் தொடங்கிப் பள்ளிகள் கட்டினார்கள், தமிழ் சொல்லிக்கொடுத்தார்கள். பேரப்பிள்ளைகள் ஃபிஜி இந்தியில்தான் பேசினார்கள். சேப்பங்கிழங்குக்கு அந்த இந்தியிலும் ‘தாலோ’ என்ற ஃபிஜிச் சொல்தான் வந்து அமர்ந்தது. இன்று நாந்தியின் சுப்பிரமணியர் கோயிலில், தீமிதியில், பாட்டில் தமிழ் இருக்கிறது. சமையலறையில் இல்லை.

நிலம் கையில் இருந்தால் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. ஹவாயில் 1896இன் சட்டம் பள்ளியில் ஆங்கிலத்தைத் திணித்தது. 1980களின் தொடக்கத்தில் ஹவாய் மொழி சரளமாகப் பேசும் சிறுவர்கள், தனியார் உடைமையாக மூடிக் கிடந்த நீஹாவ் தீவுக்கு வெளியே, ஐம்பதுக்கும் குறைவு என்று கணக்கிட்டார்கள். மாவோரிகள் 1982இல் மழலையர் மொழிக்கூடங்களைத் தொடங்கினார்கள், ஹவாய்க்காரர்கள் அதைப் பார்த்துத் தாங்களும் தொடங்கினார்கள். பாட்டிகள் அங்கே உட்கார்ந்து குழந்தைகளோடு நாள் முழுக்கப் பேசினார்கள். அதுதான் இரண்டு மொழிகளையும் திருப்பிப் பிடித்தது. தங்கள் மலையை ஜன்னல்வழியே காட்டிப் பெயர் சொல்ல அந்தப் பாட்டிகளால் முடிந்தது என்பதையும் சேர்த்துத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

இப்போது கடல் ஏறுகிறது. வனுவா லெவுவின் வுனிதோங்கொலோவா கிராமம் 2014இல் கரையை விட்டு சுமார் இரண்டு கிலோமீட்டர் உள்ளே நகர்ந்தது. புதிய இடத்துக்குக் கெனானி என்று பெயர் வைத்தார்கள், விவிலியத்தின் கானான்தான். நகர்ந்தது தங்கள் குலத்தின் நிலத்துக்குள்ளேயே. அதனால்தான் பெயர் வைக்க அவர்களால் முடிந்தது. கடற்பக்கம் இன்னும் கடற்பக்கமாகவே இருந்தது.

பாலினேசிய மொழி பேசும் இன்னொரு நாடான துவாலுவுக்கு அப்படி உள்ளே போக இடமில்லை. ஒன்பது தாழ்ந்த பவளத் தீவுகள், 10,000 பேரை ஒட்டிய மக்கள். மலை கிடையாது, ஒரு பக்கம் காயல், மறுபக்கம் பெருங்கடல், நடுவே சில இடங்களில் கல்லெறி தூரம்தான் நிலம். 2023இல் அவர்கள் தங்கள் அரசியல் சாசனத்தைத் திருத்தி, நிலம் போனாலும் அரசு நிலைக்கும் என்று எழுதிக்கொண்டார்கள். அதே ஆண்டு ஆஸ்திரேலியாவோடு ஓர் ஒப்பந்தம்: ஆண்டுக்கு 280 பேர் அங்கே குடியேறலாம். 2025இல் முதல் குலுக்கல் திறந்தபோது நாட்டில் பாதிக்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்தார்கள். போகிறவர் தத்தமக்கு வேலை கிடைத்த நகரத்துக்குத் தனித்தனியாகப் போவார்கள் என்று விட்டுவிடுவது அரசுகளுக்குச் சுலபம். அப்படி விடக்கூடாது என்பேன். ஒரே தீவுக்காரர்களை ஒரே ஊரில், கூடுமானால் கடலோரம், அடுத்தடுத்த தெருக்களில் அமர்த்த வேண்டும். அவர்களுக்கென்று கோயிலும் மழலையர் கூடமும் வேண்டும். அந்தத் தெருக்களுக்கு அவர்களே பெயர் வைக்க வேண்டும். 280 இடங்களுக்குச் செலவிடும் அரசுக்கு இது பெரிய செலவில்லை. முதல் குடும்பங்கள் வீடு பார்க்கும் இந்த ஆண்டுகளிலேயே செய்தால்தான் முடியும்.